திறந்த போத்தலும் போன வாயுவும்

(நூற்றாண்டு விழாவையொட்டிப் பழைய மாணவிகள் சங்கம் நடத்திய ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





நான் வைத்தியர் என்பதால் சங்கத்தினர் நீரிழிவு பற்றியோ மாரடைப்பு பற்றியோ பேசும்படி கேட்டார்கள். அவற்றைப் பற்றி நீங்கள் கிளினிக் சுவர்களில் நிறையவே வாசித்திருப்பீர்கள். இந்த மண்டபத்தில் பத்தாம் தரப் பிள்ளையும் இருக்கிறாள். அவளுடைய உம்மம்மாவும் இருக்கிறார். இருவருக்கும் தெரிந்த ஒரு பொருளிலிருந்து தொடங்கலாம் என்று நினைத்தேன். அது சோடாப் போத்தல்.

பெருநாளைக்கு வாங்கிய பெரிய போத்தலில் பாதியைக் குடித்துவிட்டு மூடி வைக்கிறோம். மறுநாள் காலையில் எடுத்துக் குடித்தால் சப்பென்று இருக்கிறது. "கேஸ் போயிட்டு" என்கிறோம். அந்த வாயு ஏன் போகிறது, எங்கே போகிறது, போன பிறகு போத்தலில் மிஞ்சுவது என்ன? இந்த மூன்று கேள்விகளுக்குப் பதில் தெரிந்தால் நம் வீடுகளில் நடக்கும் இரண்டு ஆபத்தான வேலைகளை நிறுத்தலாம். அவை என்ன என்பதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் வாயுவைப் பார்ப்போம். சோடாவில் இருப்பது காபனீரொட்சைட்டு. நாம் வெளிவிடும் மூச்சில் இருக்கும் அதே வாயுதான். ஒரு லீற்றர் சோடாவில் ஏறக்குறைய 6 முதல் 8 கிராம் வரை அது கரைந்திருக்கிறது. கிராமில் சொன்னால் சிறிதாகத் தெரியும். அந்த 7 கிராமை வெளியே எடுத்து நம் ஊர் வெயிலில் விட்டால் கிட்டத்தட்ட 4 லீற்றர் இடத்தைப் பிடிக்கும். ஒரு லீற்றர் போத்தலுக்குள் நான்கு லீற்றர் வாயு ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒளித்து வைப்பது அமுக்கம். 1803 இல் இங்கிலாந்தின் மன்செஸ்டரைச் சேர்ந்த வில்லியம் ஹென்றி இதை ஒரு விதியாகச் சொன்னார். ஒரு திரவத்தின்மேல் ஒரு வாயு எவ்வளவு அமுக்கத்தோடு நிற்கிறதோ, அந்த அளவுக்கு அது திரவத்தினுள் கரையும். அமுக்கம் இரட்டித்தால் கரையும் அளவும் இரட்டிக்கும். உயர்தரத்தில் விஞ்ஞானம் படிக்கும் பிள்ளைகளுக்கு இது ஹென்றியின் விதி. அவருடைய தகப்பன் மருந்து தயாரிப்பவர். வாயு ஏற்றிய நீரையும் தயாரித்தவர். அந்தக் காலத்தில் சோடா நீர் மருந்தாகவே விற்கப்பட்டது. அதற்கு முன் 1767 இல் லீட்ஸ் நகரில் ஜோசப் பிரீஸ்ட்லி, நொதிக்கும் தொட்டிகளின்மேல் நிற்கும் வாயுவைத் தண்ணீரில் கரைத்துப் பார்த்தார். 1772 இல் அந்த முறையைச் சிறு நூலாக வெளியிட்டார். கப்பல்காரருக்கு வரும் நோய்க்கு அது மருந்தாகும் என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை சரிவரவில்லை. ஆனால் "சோடா ஒரு மருந்து" என்ற எண்ணம் மட்டும் இருநூற்றைம்பது வருடம் கழித்தும் நம் குசினிகளில் உயிரோடு இருக்கிறது.

போத்தலின் மூடியைத் திருகும்போது வரும் "ஸ்ஸ்" என்ற சத்தம், மேலே நின்ற அமுக்கம் வெளியேறும் சத்தம். அந்தக் கணத்திலிருந்து திரவத்துக்குள் இருக்கும் வாயு அளவுக்கு மிஞ்சியதாகிவிடுகிறது. நம்மைச் சுற்றியுள்ள காற்றில் காபனீரொட்சைட்டு ஏறக்குறைய 0.04 சதவீதம்தான். அந்தக் காற்றுக்குச் சமமாகும்வரை வாயு வெளியேறிக்கொண்டே இருக்கும். அப்படியென்றால் முடிவில் மிஞ்சுவது ஏறக்குறைய ஒன்றுமில்லை. திறந்த போத்தலில் வாயு போவது நம் கவனக்குறைவினால் அல்ல. மூடியிருந்தபோது அது உள்ளே நின்றதுதான் விசேஷம்.

அப்படியானால் ஏன் ஒரேயடியாகப் போய்விடுவதில்லை? ஒரு குமிழி பிறப்பது இலகுவான காரியமல்ல. தண்ணீரின் மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை விலக்கி இடம் பிடிக்க மிகச் சிறிய குமிழிக்குப் பலம் போதாது. அதற்கு ஒரு தொடக்க இடம் வேண்டும். கிளாசின் சுவரில் ஒட்டிய துணிநூல், ஒரு கீறல், ஐஸ் கட்டியின் சொரசொரப்பு போன்றவற்றில் சிக்கிய துளிக் காற்றில்தான் குமிழி தொடங்குகிறது. கிளாசை உற்றுப் பார்த்தால் ஒரே புள்ளியிலிருந்து குமிழிகள் வரிசையாக எழுவதைக் காணலாம்.

சோடாவுக்குள் உப்புப் போட்டால் பொங்குவதும் இதனால்தான். உப்பு வாயுவை உண்டாக்குவதில்லை. அதன் ஒவ்வொரு மணியும் ஆயிரம் தொடக்க இடங்களைக் கொடுத்து, உள்ளே இருந்த வாயுவை ஒன்றாக வெளியே எடுக்கிறது. போத்தலைக் குலுக்கினால் பொங்குவதும் அதே கதை. மேலே நின்ற வாயு நுண்ணிய குமிழிகளாகத் திரவமெங்கும் பரவுகிறது. மூடி திறந்தவுடன் அவை ஒவ்வொன்றும் வளர்கின்றன. வேனில் குலுங்கி வந்த போத்தலைச் சில நிமிடம் அசையாமல் வைத்துவிட்டுத் திறந்தால் கலியாண வீட்டுச் சாரி நனையாது.

அடுத்தது சூடு. வாயுக்கள் குளிர்ந்த நீரில் கூடுதலாகவும் சூடான நீரில் குறைவாகவும் கரையும். நம் வளிமண்டல அமுக்கத்தில், உறையும் குளிரில் ஒரு லீற்றர் நீர் 3 கிராமுக்குச் சற்று அதிகமான காபனீரொட்சைட்டைப் பிடித்து வைக்கும். 30 பாகை செல்சியஸில் 1.3 கிராம் அளவுதான். ஆகவே குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த போத்தலுக்குள் அமுக்கம் ஏறக்குறைய இரண்டரை வளிமண்டலம் என்றால், அதே போத்தல் கடைவாசல் வெயிலில் நிற்கும்போது ஐந்துக்கு மேல் போகும். வெயிலில் நின்ற போத்தலைச் சிறு பிள்ளையின் கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லாதீர்கள். மூடி கண்ணில் தெறித்த காயங்கள் உலகெங்கும் கண் வைத்தியர்களுக்குப் பழக்கமானவை.

எலிஃபன்ட் ஹவுஸ் என்று நாம் அறிந்த நிறுவனம் 1866 இல் கொழும்பு ஐஸ் கம்பனியாகத் தொடங்கியது என்பதை இங்கே நினைத்துப் பார்க்கலாம். நெக்டோவும் கிறீம் சோடாவும் ஜின்ஜர் பியரும் தரும் நிறுவனத்தின் வேர் ஐஸில் இருக்கிறது. வெப்ப நாட்டில் சோடாவும் குளிரும் பிரிக்க முடியாதவை.

போத்தலும் காலத்தோடு மாறியது. 1872 இல் ஹைரம் கொட் என்ற ஆங்கிலேயர் கழுத்தில் கண்ணாடிக் குண்டு உள்ள போத்தலுக்கு உரிமம் பெற்றார். தமிழ்நாட்டில் கோலி சோடா என்பார்கள். உள்ளே இருக்கும் வாயுவே குண்டை இறப்பர் வளையத்தோடு அழுத்தித் தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும் அழகான ஏற்பாடு அது. இன்று நாம் வாங்கும் பிளாஸ்டிக் போத்தல் அவ்வளவு இறுக்கமானதல்ல. கண்ணாடி வாயுவைக் கசிய விடாது; பிளாஸ்டிக்கின் சுவரூடாக வாயு மெல்ல மெல்லக் கசியும். சிறிய போத்தலில் திரவத்தோடு ஒப்பிடும்போது சுவர்ப் பரப்பு கூடுதல் என்பதால் அதில் வேகம் அதிகம்.

வீட்டுக்காரிகளுக்கு இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பாதி குடித்த பெரிய போத்தலை மூடி குளிர்ப்பெட்டியில் வைக்கிறீர்கள். மூடி இறுக்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் மேலே உண்டான வெற்றிடத்தை நிரப்ப, மிஞ்சிய வாயுவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் திரவத்தை விட்டு எழும்பிவிடும். அடுத்த தடவை திறக்கும்போது அதுவும் வெளியே போகும். போத்தலை நசுக்கிக் காற்றை வெளியேற்றி மூடுவதால் பயனில்லை. வாயு வந்து நசுங்கிய சுவரைத் திரும்பவும் விரிக்கும். மிச்சத்தை ஒரு சிறிய போத்தலில் கழுத்துவரை ஊற்றி, இறுக்கி மூடி, குளிரில் வைப்பதே சரியான வழி.

இதே விதி மனித உடம்புக்குள்ளும் வேலை செய்கிறது. கடலில் ஒவ்வொரு 10 மீற்றர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. சிலிண்டர் கட்டிக்கொண்டு கடலட்டைக்கும் சங்குக்கும் இறங்கும் சுழியோடியின் குருதியிலும் கொழுப்பிலும், ஆழத்தில் நைதரசன் கூடுதலாகக் கரைகிறது. அவர் அவசரப்பட்டு மேலே வந்தால் அது மூடியைத் திடீரென்று திறந்த போத்தல்தான். குமிழிகள் மூட்டுகளிலும் முள்ளந்தண்டிலும் உண்டாகி, கால் வழங்காமல் போகலாம், உயிரும் போகலாம். 1908 இல் ஜோன் ஸ்கொட் ஹால்டேனும் அவருடைய குழுவினரும் எந்த ஆழத்திலிருந்து எவ்வளவு நேரம் நின்று நின்று மேலே வரவேண்டும் என்று அட்டவணை போட்டுக் கொடுத்தார்கள். கடற்கரைக் குடும்பத்துப் பிள்ளைகள் யாராவது இங்கே இருந்தால், வீட்டில் சுழியோடப் போகும் வாப்பாவிடமோ நானாவிடமோ இதைச் சொல்லுங்கள். மெதுவாக மேலே வருவது பயத்தினால் அல்ல, பௌதிகத்தினால். மேலே வந்தபின் மூட்டு வலியோ விறைப்போ இருந்தால் உறங்கித் தீர்க்கப் பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்கு வரவேண்டும்.

இப்போது வாயு எங்கே போகிறது என்ற இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். திறந்த போத்தலிலிருந்து அது காற்றுக்குப் போகிறது. குடித்தால்? நம் இரைப்பையின் வெப்பநிலை 37 பாகை. குளிர்ந்த சோடா அங்கே போய்ச் சேர்ந்ததும் சூடேறி வாயுவை விடுகிறது. ஒரு கிளாஸ் சோடா இரைப்பைக்குள் ஏறக்குறைய அரை லீற்றர் வாயுவை வெளியிடக்கூடும். இரைப்பை விரிகிறது, மேல்வாயில் திறக்கிறது, பெரிய ஏவறை ஒன்று வருகிறது.

வெளிநோயாளர் பிரிவில் நாங்கள் அடிக்கடி கேட்கும் ஒரு வசனம் இருக்கிறது. "நெஞ்சுக்க கேஸ் ஏறின மாதிரி இரிக்கி டொக்டர். ராவு சோடாக்க உப்புப் போட்டுக் குடிச்ச, ஏவறை போச்சு, கொஞ்சம் சுகம்." ஏவறை வந்ததை, உள்ளே அடைத்துக்கொண்டிருந்த வாயு வெளியேறியதற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறோம். அன்பான தாய்மாரே, அந்த ஏவறை சோடாவின் ஏவறை. ஐந்து நிமிடத்துக்கு முன் நீங்கள் விழுங்கிய வாயுதான் திரும்பி வந்தது. உப்புப் போட்டதால் இன்னும் வேகமாக வந்தது. நெஞ்சில் இருந்த வலிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லாமல் இருக்கலாம்.

நெஞ்சில் வந்த வலி மாரடைப்பாக இருந்தால், அந்தச் சோடா நம்மிடமிருந்து எடுப்பது நேரத்தை. அடைத்த இருதயக் குழாயைத் திறக்கும் மருந்து, வலி தொடங்கிய முதல் மணித்தியாலங்களில்தான் அதிகம் பயன் தரும். நேரம் போகப் போக இருதயத் தசை இறந்துகொண்டே போகிறது. இறந்த தசை திரும்ப வராது. இரவு பத்து மணிக்கு வலி தொடங்கி, சோடா குடித்து, ஏவறை விட்டு, சுபஹு வரை பொறுத்து, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிய பிறகு வரும் பெண்களை எந்த வைத்தியரும் பார்த்திருப்பார். அவர்களுக்கு நாங்கள் செய்யக்கூடியது இரவு பத்தரைக்குச் செய்யக்கூடியதைவிட மிகக் குறைவு.

பெண்களுக்கும் சீனி வருத்தம் உள்ளவர்களுக்கும் மாரடைப்பு எப்போதும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழும் வலியாக வராது. மேல்வயிற்றில் பாரம், தாடையில் அல்லது தோளில் இழுப்பு, காரணமில்லாத வியர்வை, ஓங்காளம், மூச்சு வாங்கல், தாங்க முடியாத களைப்பு என்றும் வரும். "கேஸ்" என்று பெயர் வைக்க மிகவும் வசதியான அறிகுறிகள் இவை. புதிதாக வந்த இப்படியான வலி, ஓய்வெடுத்தும் பதினைந்து நிமிடத்துக்குள் நீங்கவில்லை என்றாலும், வியர்வையோ மூச்சு வாங்கலோ கூடவே வந்தாலும் போத்தலைத் தேடாதீர்கள். 1990 என்ற இலக்கத்தை அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலையும் வடக்கு ஆதார வைத்தியசாலையும் இருக்கின்றன. ஒரு ஈசீஜீ எடுக்க ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். வந்து பார்த்து அது உண்மையிலேயே வாயுத் தொல்லையாக இருந்தால், நாங்கள் யாரும் ஏசமாட்டோம். நடுச்சாமத்தில் கணவனையோ மகனையோ எழுப்புவதற்கு வெட்கப்படவும் வேண்டாம்.

மூன்றாவது கேள்வி, வாயு போன பிறகு மிஞ்சுவது என்ன? வாயு போன சோடா கூடுதலாக இனிப்பதைக் கவனித்திருப்பீர்கள். யாரும் அதில் சீனி போடவில்லை. காபனீரொட்சைட்டு நாக்கில் உள்ள ஒரு நொதியத்தினால் அமிலமாக மாறுகிறது. சோடாவின் "சுள்" என்ற குத்தல் பெரும்பாலும் அந்த அமிலத்தினால்தான் வருகிறது; குமிழி வெடிப்பதால் மட்டுமல்ல. கண் அமுக்கத்துக்கு அசற்றசொலமைட் என்ற மருந்து எடுப்பவர்கள் "புதுச் சோடாவும் சப்பென்று இருக்கிறது" என்று சொல்வதற்கும் காரணம் இதுவே. அந்த மருந்து அதே நொதியத்தைத் தடுக்கிறது. அந்தக் குத்தல் இருக்கும்வரை சீனி முழுவதும் நமக்குத் தெரிவதில்லை. அது போனதும் போத்தலில் முதலிலிருந்தே இருந்த சீனி அப்படியே வெளியே தெரிகிறது.

எவ்வளவு சீனி? வழக்கமான கோலாவில் 100 மில்லிலீற்றருக்கு 10 கிராமுக்குச் சற்று மேல். 400 மில்லிலீற்றர் குடித்தால் 40 கிராம், அதாவது எட்டுத் தேக்கரண்டி. தேத்தண்ணிக் கோப்பையில் எட்டுக் கரண்டி போட்டால் நாம் துப்பிவிடுவோம். உலக சுகாதார நிறுவனம் 2015 இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, வளர்ந்த ஒருவருக்கு இப்படிச் சேர்க்கப்படும் சீனி ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 கிராமுக்குள், முடிந்தால் 25 கிராமுக்குள் இருக்கவேண்டும்.

நம் நாட்டில் 2016 ஆகஸ்ட் முதல் போத்தல்களில் நிறக் குறி போடுகிறார்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள், 2 க்குக் குறைந்தால் பச்சை. செம்மஞ்சள் குறியைப் பார்த்து ஆறுதல் அடையாதீர்கள். 10 கிராம் உள்ளதும் அதே நிறம்தான். பக்கத்தில் உள்ள இலக்கத்தை வாசித்து, போத்தலின் அளவால் பெருக்கிப் பாருங்கள். ஏழாம் தரப் பிள்ளைக்கு அந்தக் கணக்குத் தெரியும். வீட்டில் உம்மம்மாவுக்குச் சீனி வருத்தம் என்றால் அவளே வாசித்துச் சொல்லட்டும்.

இனி நான் சொல்ல வந்த இரண்டாவது ஆபத்து. பிள்ளைக்கு வயிற்றோட்டம் வந்தால், சோடாவைக் குலுக்கி, ஆற்றி, "கேஸைப் போக்கிவிட்டு" குடிக்கக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. வாயுதான் பிள்ளைக்குக் கூடாது, அதைப் போக்கினால் மருந்து என்ற எண்ணம். உண்மை நேர் எதிரானது. போக்கியது தீங்கு குறைந்த பகுதி. மிஞ்சியது கூடாத பகுதி. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தயாரிக்கும் உயிர்காப்புக் கரைசலில் ஒரு லீற்றருக்கு 13.5 கிராம் குளுக்கோசு இருக்கிறது. சோடாவில் ஏறக்குறைய 100 கிராம் சீனி. கரைசலில் போதிய உப்பு இருக்கிறது. சோடாவில் அது இல்லையென்றே சொல்லலாம். அவ்வளவு சீனி குடலுக்குள் போனால், அது உடம்பிலுள்ள நீரைக் குடலுக்குள் இழுக்கும். வயிற்றோட்டம் கூடும், பிள்ளை இன்னும் வாடும்.

பாமசியில் கிடைக்கும் ஜீவனிப் பொதியை, அதில் குறித்த அளவு கொதித்தாறிய நீரில் கரைத்து, கரண்டி கரண்டியாகக் கொடுங்கள். கரைத்ததை ஒரு நாளைக்கு மேல் வைக்காதீர்கள். பொதி கைக்கு வரும்வரை உப்புப் போட்ட அரிசிக் கஞ்சித் தண்ணீர் கொடுக்கலாம். தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைக்குத் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. பிள்ளை சிறுநீர் கழிப்பது குறைந்தால், கண் குழிவிழுந்தால், சோர்ந்து படுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால் காத்திருக்காமல் கொண்டுவாருங்கள்.

பெருநாளிலும் கலியாணத்திலும் ஒரு கிளாஸ் சோடாவைக் குடிக்காதே என்று சொல்ல நான் வரவில்லை. வட்டிலப்பத்தையும் விட்டுவிடச் சொல்லமாட்டேன். குடிப்பதானால் சிறிய போத்தலாக, குளிராக, குடிபானமாகக் குடியுங்கள். அதை மருந்தாக ஆக்காதீர்கள் என்பதே என் வேண்டுகோள்.

மாணவிகளுக்கு ஒரு வார்த்தை. ஹென்றியின் விதியை நான் இந்தப் பாடசாலையின் விஞ்ஞான வகுப்பில்தான் முதலில் கேட்டேன். பரீட்சைக்கு இரண்டு புள்ளி பெறும் வரைவிலக்கணமாகத்தான் அன்று அது தெரிந்தது. நீங்கள் இப்போது மனனம் செய்யும் விதிகளில் எது ஒரு நாள் உங்கள் உம்மாவின் உயிருக்குப் பயன்படும் என்று உங்களுக்குத் தெரியாது. ஆகவே ஒவ்வொன்றையும் விளங்கிப் படியுங்கள். விளங்காவிட்டால் எழும்பி நின்று கேளுங்கள். கேட்கும் பெண் பிள்ளைகளை நூறு வருடமாக உருவாக்கியதுதான் இந்தப் பாடசாலையின் பெருமை.

இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். 1990 என்ற இலக்கத்தை உங்கள் உம்மா, உம்மம்மா, பெரியம்மா ஆகியோரின் கைத்தொலைபேசிகளில் பதிந்து கொடுங்கள். எதற்காக என்று கேட்டால், சோடாவின் ஏவறைக் கதையைச் சொல்லுங்கள்.